ஒரே மலை, இரண்டு முறை

நார்வேயின் மேற்குக் கரையில், நூறு பேர் மட்டும் போகக்கூடிய சின்னக் கப்பல் ஒன்றில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்தேன். அதைப் பயணக்கட்டுரையாக எழுதும் எண்ணமெல்லாம் இல்லை. ஃபியோர்டு படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, எல்லாமே நான் எடுத்ததைவிட நன்றாக இருக்கின்றன. ஆனால் லோயன் என்ற ஊரில் கரையிறங்கிய ஒரு நாள் மட்டும், வீடு திரும்பிய பிறகும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அன்று பார்த்ததையும், வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே குறித்து வைக்கிறேன்.

லோயன், நோர்ட்ஃபியோர்டின் உள்கோடியில் இருக்கிறது. திறந்த கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வர வேண்டும். காலையில் கண் விழித்துக் கப்பலின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏதோ மலை ஏரிக்கு நடுவில் நிற்பது மாதிரிதான் தோன்றும். அலை இல்லை, உப்பு வாடை கூட அவ்வளவாக இல்லை. ஆனால் அது கடல்தான். பாறையில் கடற்பாசி ஒட்டியிருப்பதைப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது.

ஃபியோர்டு என்றால் என்ன என்று பள்ளியில் படித்திருப்போம்: பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் ஃபியோர்டு. சரிதான். ஆனால் பனியாறு எப்படிக் குடைகிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும். நீர் ஓடும் ஆறு தன் அடிப்பக்கத்தை மட்டும் அறுக்கும். அதனால் பள்ளத்தாக்கு ஆங்கில V எழுத்து போல ஆகும். பனியாறு அப்படியில்லை. பல நூறு மீட்டர் தடிமனான பனிக்கட்டி, அடியில் கற்களைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கையே நிரப்பியபடி ஊர்ந்து இறங்குகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல அடியையும் தேய்க்கும், இரண்டு பக்கச் சுவர்களையும் தேய்க்கும். கடைசியில் பனி உருகிப் போகும்போது U வடிவத் தொட்டி ஒன்று மிஞ்சுகிறது. செங்குத்தான சுவர், தட்டையான அடி. அந்தத் தொட்டிக்குள் கடல் வந்தால் ஃபியோர்டு. கடல் எட்டாத உயரத்தில் நன்னீர் தேங்கினால் ஏரி. லோயனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊருக்கு முன்னால் ஃபியோர்டு. ஊருக்குப் பின்னால், கடல் மட்டத்திலிருந்து 52 மீட்டர் உயரத்தில் லோவாட்னெட் என்ற ஏரி. இரண்டையும் குடைந்தது ஒரே பனிதான்.

காலையில் முதலில் மேலே போனோம். 2017இல் திறந்த ரோப் கார் ஒன்று ஃபியோர்டின் கரையிலிருந்து ஹோவென் மலைக்கு, 1,011 மீட்டர் உயரத்துக்கு, ஐந்து நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. காது அடைத்துக்கொண்டது. மேலே போய் எல்லோரும் போட்டோ எடுக்கிற இடத்தில் நானும் எடுத்தேன். அங்கே வழிகாட்டியாக வந்த அம்மையார் (ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இந்தப் பக்கத்துக்காரர்) எங்களிடம் ஒன்று கேட்டார்: "இங்கிருந்து பார்க்கும்போது வீடு கட்டத் தோதான இடம் எதுன்னு காட்டுங்க பார்ப்போம்."

சுற்றிப் பார்த்தோம். எல்லாம் சுவர். மலை நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. தட்டையான இடம் என்றால் ஆறு வந்து சேரும் முகப்பில், அது கொண்டுவந்து கொட்டிய மண்ணில் உருவான சின்னப் பச்சைத் திட்டு மட்டும்தான். ஊர் அங்கேதான் இருந்தது. தூரத்தில் தெரிந்த அடுத்த ஊரும் அப்படியொரு திட்டில்தான். அதற்கடுத்ததும்.

"அவ்வளவுதான் எங்க கிட்ட இருக்கிற நிலம்," என்றார். நார்வேயின் மொத்தப் பரப்பில் சுமார் மூன்று சதவீதம்தான் பயிர் செய்யத் தகுந்த நிலம். அதிலும் இந்த மேற்குப் பக்கத்தில் அது எல்லாம் தண்ணீரை ஒட்டிய இந்த மாதிரித் துண்டுகள். அப்போது இது ஒரு நல்ல பொது அறிவுத் தகவல் என்று நினைத்து மனதில் குறித்துக்கொண்டேன். மத்தியானம்தான் அதன் கனம் தெரிந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: வாஃபிளின் மேல் பிரவுன் சீஸ் வைத்துத் தருகிறார்கள். பால் திரிந்த தண்ணீரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிச் செய்வது. பால்கோவாவில் உப்புப் போட்டுக் கட்டியாக அழுத்தி வைத்த மாதிரி இருக்கும். முதல் வாயில் பிடிக்கவில்லை. நான்காவது துண்டை நானே கேட்டு வாங்கினேன்.

பிறகு பஸ்ஸில் லோவாட்னெட் ஏரிக்கு. ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில், தண்ணீரை ஒட்டியே ரோடு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். ஏரியின் நிறம்தான் நம்ப முடியாதது. பச்சையும் நீலமும் கலந்து, கொஞ்சம் பால் ஊற்றிய மாதிரி. காரணம் எளிது. மேலே யோஸ்டடால் பனிப்பரப்பு இருக்கிறது, ஐரோப்பாவின் முதன்மை நிலப்பகுதியில் இருப்பதிலேயே பெரியது. அதன் கிளைகள் இன்னமும் பாறையை அரைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பாறை மாவு மிக நைசானது, தண்ணீரில் அடியில் படியாமல் மிதக்கிறது, அதில் பட்டு ஒளி சிதறுகிறது. அதாவது நாம் பார்த்து வியக்கிற நிறம், மலை அரைபட்டுக்கொண்டிருப்பதன் நிறம்.

ஏரியின் உள்கோடியை நெருங்கும்போது எதிர்க்கரையில் ராம்னெஃபியெல் என்ற மலை. அண்டங்காக்கை மலை என்று அர்த்தம். 800 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து ஒரு அருவி நூல் நூலாக இறங்குகிறது. பஸ்ஸில் எல்லோரும் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டி, "அருவியை விடுங்க, அதுக்குப் பக்கத்துல மலையைப் பாருங்க," என்றார். மலையின் முகத்தில் ஒரு பெரிய பகுதி வேறு நிறத்தில், மழுமழுவென்று, கத்தியால் சீவியது மாதிரி இருந்தது.

1905 ஜனவரி 15. நள்ளிரவு நெருங்கும் நேரம். அந்த மலை முகத்தில், சுமார் 500 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பாறை உடைந்து விழுந்தது. விழுந்த பாறை அவ்வளவு பெரியது இல்லை. ஆனால் மலையடிவாரத்தில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த கல்லும் மண்ணும் இருந்த குவியலில் அது மோதி, அத்தனையையும் அள்ளிக்கொண்டு ஏரிக்குள் போனது. எழும்பிய அலை கரையில் 40 மீட்டர் உயரம் வரை ஏறியது. போடால், நெஸ்டால் என்ற இரண்டு சிற்றூர்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 61 பேர் செத்துப்போனார்கள். ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் லோடாலென் என்ற சிறிய நீராவிக் கப்பல் இருந்தது. அதை அலை தூக்கிக்கொண்டுபோய்க் கரைக்கு மேலே பல நூறு மீட்டர் தள்ளிப் போட்டது.

சுனாமி என்றதும் நம் எல்லோருக்கும் 2004 டிசம்பர் 26தான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். அங்கே கடலடித் தரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு அசைந்தது. அலை சுமத்ராவிலிருந்து நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. இங்கே அளவு சின்னது, ஆனால் எல்லாமே பக்கம். இந்த ஏரி பதினோரு கிலோமீட்டர் நீளம், சராசரியாக ஒரு கிலோமீட்டர்தான் அகலம். நூறு மீட்டர் ஆழமான தண்ணீரில் நீண்ட அலை நொடிக்கு முப்பது மீட்டர் வேகத்தில் போகும் என்பது இயற்பியல் கணக்கு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் எதிர்க்கரைக்கு வர அரை நிமிடம். அதோடு, கடலில் அலை பரந்து விரிந்து பலம் குறையும். இங்கே விரிய இடமில்லை. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் தொட்டி. குளிக்கிற தொட்டியில் ஒரு செங்கல்லைப் போட்டுப் பார்த்தால் போதும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். "விழ வேண்டியது விழுந்துடுச்சு. அதுக்கப்புறமாவது பயமில்லாம இருந்திருப்பாங்க," என்றேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைப்பு. அந்த அம்மையார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவங்களும் அப்படித்தான் நினைச்சாங்க," என்றார்.

1936 செப்டம்பர் 13. விடியற்காலை. அதே ராம்னெஃபியெல். இந்த முறை 800 மீட்டர் உயரத்திலிருந்து, சுமார் 10 லட்சம் கனமீட்டர் பாறை. நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், நூறு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், அவ்வளவு. எடை 25 லட்சம் டன்னுக்கு மேல். அலை ஏறிய உயரம் 74 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்துக்கும் மேலே. அதே போடால், அதே நெஸ்டால். 74 பேர். 1905இல் கரைமேல் தூக்கிப் போடப்பட்டு அங்கேயே கிடந்த லோடாலென் கப்பலை இந்த அலை மறுபடி தூக்கி இன்னும் மேலே கொண்டுபோய்ப் போட்டது.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

என் வாக்கியத்தில் என்ன தப்பு என்று பிறகு யோசித்தேன். "விழ வேண்டியது விழுந்துவிட்டது" என்பது மரத்திலிருந்து விழும் தேங்காய்க்குப் பொருந்தும். மலைக்குப் பொருந்தாது. பனியாறு பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த காலத்தில் அந்தப் பனியே இரண்டு சுவர்களுக்கும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. பனி போனதும் முட்டு போய்விட்டது. அதோடு, அழுத்திக்கொண்டிருந்த பாரம் விலகியதும் பாறை லேசாக வெளிப்பக்கம் விரிகிறது. வெங்காயத் தோல் மாதிரி, மலை முகத்துக்கு இணையாகவே அடுக்கடுக்காகப் பிளவு விடுகிறது. அந்தப் பிளவில் மழைநீர் இறங்கும். தண்ணீர் நிறைந்தால் அதன் அழுத்தமே பாறையை வெளியே தள்ளும். குளிர்காலத்தில் உறைந்தால் ஆப்பு அடித்தது மாதிரி விரிக்கும். பத்தாயிரம் வருடமாக இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது, இந்த அடுக்கில் கீழே இருக்கும் ஒரு துண்டு மட்டும் விழுகிறது என்று வையுங்கள். மேலே இருப்பதற்கு அதுதான் கால். கால் போனதும் மேலே இருப்பது பத்திரமாகிவிடுமா, பலவீனமாகுமா? 1905இல் விழுந்தது சுமார் 500 மீட்டர் உயரத்தில். 1936இல் உடைந்தது அதற்கு மேலே, 800 மீட்டர் வரைக்கும். முதல் சரிவு ஆபத்தைத் தீர்த்துவிட்டுப் போகவில்லை, அடுத்ததற்கு இடம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒருமுறை இடிந்த சுவருக்குக் கீழே, இனி இடியாது என்று யாராவது கட்டிலைப் போடுவார்களா? ஆனால் மலை என்றதும் அப்படி யோசிக்க நமக்குத் தோன்றுவதில்லை. மலை என்றாலே அசையாதது என்று மொழியிலேயே பழகிவிட்டோம்.

அப்புறம் ஏன் திரும்பி வந்து குடியேறினார்கள்? பஸ்ஸில் ஒருவர் இதைக் கொஞ்சம் அலட்சியமாகவே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் காலையில் மலைமேல் நின்று பார்த்த பச்சைத் திட்டுகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. வேறு எங்கே போவார்கள்? தட்டையான நிலம் இருப்பது தண்ணீரோரம் மட்டும். அங்கே பக்கத்து ஊர்க்காரன் ஏற்கெனவே இருக்கிறான். அலை வரக்கூடிய இடமும் சோறு விளையக்கூடிய இடமும் ஒன்றாகவே அமைந்துபோன ஊர் இது. போதாததற்கு, இந்தப் பக்கத்தில் பண்ணையின் பெயர்தான் குடும்பத்தின் பெயர். போடாலில் பிறந்தவன் போடால். நிலத்தை விட்டுவிட்டு வா என்றால் பெயரை விட்டுவிட்டு வா என்ற மாதிரி. கண்ணெதிரே இருக்கும் பசியையும், எப்போதோ வரப்போகிற பாறையையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மலை அசைகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி.

1950இல் அதே மலையிலிருந்து இன்னொரு பெரிய சரிவு விழுந்தது. யாரும் சாகவில்லை. சாக அங்கே யாரும் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1934 ஏப்ரல் 7 அன்று, இங்கிருந்து வடக்கே இருக்கும் டாஃபியோர்டில் இதே போல மலை விழுந்து 40 பேர் இறந்திருக்கிறார்கள். ஆக, 1905, 1934, 1936 என்ற மூன்று இரவுகளில் 175 பேர். எல்லாம் தூங்குகிற நேரம். தற்செயல்தான், ஆனால் மனதில் தைக்கிறது.

இப்போது அந்த வழி இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை மறுநாள் எங்கள் கப்பல் போகவிருந்த கெய்ராங்கர் ஃபியோர்டுப் பாதையை வைத்து அந்த அம்மையார் விளக்கினார். அந்தப் பாதையில் ஆகெர்னெஸ் என்ற மலைச்சரிவு இருக்கிறது. அதன் மேல்பகுதியில் பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல். வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் அது அகன்றுகொண்டே போகிறது. மொத்தமாக இறங்கினால் ஐந்து கோடி கனமீட்டர் வரைக்கும் விழலாம் என்பது மோசமான கணக்கு. 1936இல் இங்கே விழுந்ததைப் போல ஐம்பது மடங்கு. அலை பக்கத்து ஊரான ஹெல்லசில்ட்டுக்கு வர பத்து நிமிடம் கூட ஆகாது.

பத்து நிமிடத்தில் ஒரு ஊரையே மேட்டுக்கு ஏற்ற முடியாது. அதனால் அலையைக் கண்டுபிடிப்பதில் பிரயோஜனமில்லை, மலையைத்தான் கண்காணிக்க வேண்டும். இதற்கு உதவும் ஒரு இயல்பு இருக்கிறது. பெரிய பாறைத்தொகுதி திடீரென்று கழன்று விழுவது அபூர்வம். முதலில் ஊர்கிறது. விழப்போகும் காலம் நெருங்க நெருங்க வேகம் கூடுகிறது. வருடத்துக்குச் சென்டிமீட்டர் என்பது வாரத்துக்குச் சென்டிமீட்டர் ஆகும், பிறகு நாளுக்கு, பிறகு மணிக்கு. ஆகவே மலைமேல் ஜிபிஎஸ், லேசர், எதிர்க்கரையிலிருந்து ரேடார், துளையிட்டு உள்ளே இறக்கிய கருவிகள் என்று எல்லாவற்றையும் வைத்து இருபத்துநாலு மணி நேரமும் பார்க்கிறார்கள். நாட்டின் நீர்வளம் மற்றும் எரிசக்தித் துறைதான் இதைக் கவனிக்கிறது. வேகம் கூடினால் பல மணி நேரம், முடிந்தால் பல நாள் முன்னதாகவே ஊரைக் காலி செய்யச் சொல்லலாம். மலையை யாரும் தடுத்து நிறுத்தவில்லை. விழட்டும், ஆனால் கீழே ஆள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் திட்டம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இதற்கும் ஒரு விலை இருக்கிறது. ரும்ஸ்டால் பள்ளத்தாக்கில் வெஸ்லெமன்னென் என்று ஒரு மலைத்துண்டு. 'குட்டி மனிதன்' என்று பெயர். 2014 இலையுதிர்காலத்தில் வேகம் கூடியது, கீழே இருந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்து காத்துக் கிடந்தன. விழவில்லை. மழை நின்றதும், குளிர் வந்ததும் வேகம் குறைந்தது, ஜனங்கள் வீடு திரும்பினார்கள். அடுத்த மழையில் மறுபடி வேகம், மறுபடி காலி. இப்படி 2014க்கும் 2019க்கும் நடுவில் பதினாறு முறை. பதினாறு முறை துணிமணியை மூட்டை கட்டி, ஆடுமாடு இருந்தால் அதற்கு ஏற்பாடு செய்து, ராத்திரியில் கிளம்பிப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது முறையிலேயே நான் "போய்யா" என்று சொல்லியிருப்பேன்.

2019 செப்டம்பர் 5 இரவு அது விழுந்தது. பதினாறாவது முறை சொன்னபோதும் கிளம்பிப் போயிருந்ததால், அன்றும் வீடுகளில் யாரும் இல்லை. பாறை வீடுகள் வரைக்கும் வரவும் இல்லை. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. முன்கூட்டிச் சொல்லுவதற்குக் கருவி வேண்டும், சரி. ஆனால் பதினைந்து முறை பொய்த்த பிறகும் பதினாறாவது முறை எழுந்து போக ஒரு பொறுமை வேண்டியிருக்கிறது. அது ரேடாரில் வராது. சொல்பவர்கள் மேல் நம்பிக்கை இருந்தால்தான் வரும்.

ஏரியின் கோடியில் நெஸ்டால் பக்கம் நினைவுக்கல் இருக்கிறது. பத்து நிமிடம் இறங்கி நின்றோம். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் பெயர்களைப் படிக்க மொழி வேண்டியதில்லை. போடால், நெஸ்டால், போடால், நெஸ்டால் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

திரும்பும் வழியில், ஏரிக்கரைப் புல்வெளியில் சுற்றுலா வந்தவர்கள் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு குழந்தைகள் தண்ணீரில் கல் எறிந்துகொண்டிருந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கப்பலுக்கு வந்துவிட்டோம். ராத்திரிச் சாப்பாட்டின்போது பஸ்ஸில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மேஜைக்கு வந்து, நாளைக்கு ஆகெர்னெஸ்ஸை எத்தனை மணிக்குக் கடப்போம் என்று விசாரித்தார். காலை ஏழு மணி வாக்கில் என்று கப்பலில் சொன்னார்கள். மறுநாள் ஆறே முக்காலுக்கு நான் மேல்தளத்துக்குப் போனபோது, அவர் எனக்கு முன்னாலேயே வந்து, கழுத்தில் பைனாகுலரோடு மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.